பழம் தோலைச் சேரும் வழி

எலுமிச்சையைப் பாதியாக நறுக்கி, மேலே கொஞ்சம் சர்க்கரை தூவி முகத்தில் தேய்த்தால் கருமை போய்விடும் என்ற குறிப்பு பல்லாண்டுகளாக நம்மிடையே சுற்றிவருகிறது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும் பெண்ணிடம் ஒரு சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. பழங்களின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை உண்டு. அதனாலேயே இந்தக் குறிப்பைப் பற்றி முதலில் பேசிவிட வேண்டும். பழம் தோலுக்கு நல்லது என்பது உண்மைதான். எந்த வழியாக அது தோலைச் சேர வேண்டும் என்பதில்தான் பெரும்பாலும் தவறிவிடுகிறோம்.

எலுமிச்சைச் சாற்றின் பி.எச். அளவு 2-க்கும் 2.5-க்கும் இடைப்பட்டது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். ஏறத்தாழ 5. இந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடிவிடும். அப்படியானால் தோல் பழகியிருப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கடுமையான அமிலத்தை அதன்மேல் தேய்க்கிறோம். கூடவே சர்க்கரைப் பரல்களின் கூர்முனைகள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகின்றன. எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம் எனச் சிலர் சொல்வார்கள். எரிச்சல் என்பது நரம்பு முனைகள் விடும் எச்சரிக்கை. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது.

அமிலத்தைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. நம் ஊர் எலுமிச்சை, மேலைநாட்டார் லெமன் என்று சொல்லும் மஞ்சள் பழம் அல்ல. அவர்கள் லைம் என்று பிரித்துச் சொல்லும் சிறிய, மெல்லிய தோல் கொண்ட வகை. அதன் தோலிலும் சாற்றிலும் ஃபியூரனோகூமரின்கள் என்ற பொருள்கள் இருக்கின்றன. லெமனைவிட லைமில் இவை அதிகம். சோரலென் என்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இருட்டில் இவை ஒன்றும் செய்வதில்லை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் விழித்துக்கொண்டு, தோல் செல்களின் டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகின்றன. ஓரிரு நாளில் சிவப்பும் கொப்புளமும் வரும். ஆறியபின் அந்த இடம் கறுத்துப்போய், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். நம்மைப் போல நிறமி மிகுந்த தோலில் எந்தப் புண்ணும் ஆறும்போது கறுப்பை விட்டுச்செல்லும் போக்கு அதிகம். வெளுப்பாக வேண்டும் என்று தேய்த்த கன்னத்தில் திட்டுத்திட்டாகக் கருமை படிவது இப்படித்தான்.

இதே சோரலென் நம் வீட்டுக் குளியல் பொடிகளில் சிலர் சேர்க்கும் கார்போகரிசியிலும் உண்டு. சித்த மருத்துவம் கார்போகரிசியை வெண்புள்ளிக்குப் பயன்படுத்துகிறது. எகிப்தில் 1940-களில் எல் மொஃப்டி என்ற மருத்துவர் நைல் கரையில் விளையும் ஒரு களைச்செடியிலிருந்து எடுத்த சோரலென் வகைப் பொருளை வெண்புள்ளிக்காரர்களுக்குக் கொடுத்து வெயில் காட்டினார். இன்றைய மருத்துவமனைகளில் சோரலெனைக் கொடுத்துப் புற ஊதா விளக்கின் முன் நிறுத்தும் சிகிச்சை அதன் தொடர்ச்சி. வெளுத்துப்போன தோலில் மீண்டும் நிறத்தைக் கொண்டுவருவதற்காக மருத்துவர்கள் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பொருள் அது. அதைக் கணக்கில்லாமல் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போடப் போகிறோம்.

எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறதே, அது நல்லதில்லையா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட, தோலின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

தோலின் ஆக மேலடுக்கு இறந்த செல்களால் ஆனது. உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்குதான். கெரட்டின் என்ற புரதம் நிரம்பிய தட்டையான செல்கள் செங்கல் மாதிரி அடுக்கப்பட்டிருக்க, இடையில் கொழுப்புகள் சாந்து மாதிரி பூசப்பட்டிருக்கின்றன. உடம்பின் நீர் வெளியே போகாமலும் வெளியே இருப்பது உள்ளே வராமலும் காப்பதுதான் இந்தச் சுவரின் வேலை. எவ்வளவு பெரிய மூலக்கூறு இதைக் கடக்க முடியும் என்று ஆராய்ந்த நெதர்லாந்து விஞ்ஞானிகள் போஸ், மைனார்டி இருவரும் 2000-ஆம் ஆண்டில் ஓர் எளிய விதியை முன்வைத்தார்கள்: எடை 500 டால்டனுக்கு மேல் போனால் ஆரோக்கியமான தோலுக்குள் நுழைவது கடினம். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறத்தாழ ஒரு டால்டன். கொலாஜன் மூலக்கூறின் எடை சுமார் மூன்று லட்சம் டால்டன். கொலாஜன் கலந்த கிரீம் தோலுக்குள் கொலாஜனைச் சேர்க்காது என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

வைட்டமின் சி-யின் எடை 176 டால்டன்தான். எடைக் கணக்கில் தேறிவிடுகிறது. ஆனால் அது நீரில் கரையும், மின்னூட்டம் பெறும். கொழுப்புச் சாந்தை அது எளிதில் கடப்பதில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழுவினர் பன்றித் தோலில் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கரைசலின் பி.எச். 3.5-க்குக் கீழே இருந்தால்தான் வைட்டமின் சி உள்ளே போகிறது என்றும், 20 சதவீதச் செறிவு வரை அதன் அளவு கூடுகிறது என்றும் கண்டார்கள். கடைகளில் விற்கும் வைட்டமின் சி சீரங்கள் பலவற்றில் 10 முதல் 20 சதவீதம் என்று அச்சடித்திருப்பதன் பின்னணி இது. எலுமிச்சைச் சாற்றில் எவ்வளவு? 100 மில்லிலிட்டரில் 30 முதல் 50 மில்லிகிராம். சதவீதமாகச் சொன்னால் 0.05-ஐத் தாண்டாது. அதே சாற்றில் சிட்ரிக் அமிலம் 5 கிராமுக்கு மேல். அதாவது ஒரு பங்கு வைட்டமினுக்கு நூறு பங்கு அமிலம். முகத்தில் பூசுவது வைட்டமின் சி என்று நாம் நினைத்துக்கொண்டாலும், தோலுக்குக் கிடைப்பது அமிலம்தான்.

பழ அமிலங்களே தோலுக்கு ஆகாதவை என்று சொல்லவில்லை. கரும்பில் கிளைக்காலிக், தயிரில் லாக்டிக், ஆப்பிளில் மாலிக், புளியிலும் திராட்சையிலும் டார்டாரிக் அமிலம். இந்தக் குடும்பத்தைத் தோல் மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர்கள் யூஜின் வான் ஸ்காட், ரூயி யூ இருவரும். மீன் செதில் போலத் தோல் தடித்து உரியும் நோய்க்கு இவை உதவுவதை 1974-இல் எழுதினார்கள். அவர்கள் செறிவையும் பி.எச். அளவையும் கட்டுப்படுத்தினார்கள். இன்று வீட்டு உபயோக அழகுப் பொருள்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், பி.எச். 3.5-க்குக் கீழே வேண்டாம் என்பது அமெரிக்காவில் ஏற்கப்பட்ட வரம்பு. நறுக்கிய எலுமிச்சைக்கு அந்த வரம்பெல்லாம் தெரியாது. மென்மையாக ஏதாவது வேண்டும் என்றால் தயிர் பரவாயில்லை, அதன் பி.எச். நான்குக்கு மேலே இருக்கும்.

அடுத்து பப்பாளி. எலுமிச்சையைப் போல இதை ஒதுக்கிவிட முடியாது. இது மிகச் சுவாரசியமான பழம். ஒரே மரத்தில் காயாக இருக்கும்போது ஒன்று, பழுத்தபின் வேறொன்று.

பச்சைப் பப்பாளியின் தோலுக்கு அடியில் பால் நாளங்கள் வலைபோல ஓடுகின்றன. கீறினால் வெள்ளைப் பால் சொட்டும். அந்தப் பாலில் பாப்பேன் என்ற நொதி இருக்கிறது; புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் தொழில். காயைக் கடிக்க வரும் பூச்சியின் குடலைப் பதம்பார்க்கத்தான் மரம் அதைச் செய்து வைத்திருக்கிறது. ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் ஒரு துண்டு பப்பாளிக்காயை அரைத்துப் பிரட்டி வைக்கும் வழக்கம் சமையற்காரர்களிடம் உண்டு. கறி மெத்தென்று வேகும். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பால் எடுப்பதற்கென்றே கோ-5 என்ற பப்பாளி ரகத்தை உருவாக்கியது. விடியற்காலையில், மரத்திலிருக்கும் முற்றிய பச்சைக் காய்களின் மேல் மெல்லிய கீறல்கள் போட்டு, வழியும் பாலைப் பிடித்து உலர்த்தி விற்கிறார்கள். வெறுங்கையில் பட்டால் தோல் புண்ணாகும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். பால் எடுத்த காய்களும் வீணாவதில்லை. ஐஸ்கிரீமிலும் பன்னிலும் வரும் சிவப்பு, பச்சை டூட்டி ஃப்ரூட்டித் துண்டுகள் பப்பாளிக்காய்தான்.

இந்தப் பாலை மருவின் மேலும் முகத்தின் மேலும் தடவச் சொல்லும் குறிப்புகள் இருக்கின்றன. இறந்த செல்களைப் பிடித்து வைத்திருப்பது புரதம், பாப்பேன் புரதத்தை வெட்டும், ஆகவே இறந்த செல்கள் உதிரும் என்பது வாதம். வாதம் சரி. ஆனால் பாப்பேனுக்கு இறந்த செல்லின் புரதம், உயிருள்ள செல்லின் புரதம் என்ற வேறுபாடு தெரியாது. வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தினர் எலிகளின் தோலில் பாப்பேனைத் தடவிப் பார்த்தபோது, செல்களுக்கு இடையேயான இறுக்கமான இணைப்புகள் சிதைந்தன. தோல் வழியாக நீர் இழப்பு கூடியது. பாப்பேனுக்கு எதிரான ஒவ்வாமையும் உருவானது. சுவரில் விழுந்த ஓட்டை வழியாக நொதியே உள்ளே போய்விட்டது என்று பொருள். புண்களைச் சுத்தம் செய்ய அமெரிக்காவில் பாப்பேன் களிம்புகள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தன. கடுமையான ஒவ்வாமை நிகழ்வுகள் பதிவானதால், அங்கீகாரம் பெறாத அந்தக் களிம்புகளின் விற்பனையை நிறுத்துமாறு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் உத்தரவிட்டது. ஆகவே பப்பாளிக்காய்ப் பாலை எந்தக் காரணம் கொண்டும் முகத்தில் வைக்காதீர்கள்.

பழுத்த பப்பாளி விஷயம் வேறு. பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடுகிறது. நன்றாகப் பழுத்த சதையில் பாப்பேன் சொற்பம். அதை மசித்து முகத்தில் பூசினால் நொதியால் பெரிய நன்மையும் இல்லை, பெரும்பாலானோருக்குக் கெடுதலும் இல்லை. பிறகு ஏன் கழுவியதும் முகம் மிருதுவாகத் தெரிகிறது? நீரால். பழுத்த பப்பாளியில் ஏறத்தாழ 88 சதவீதமும் வாழைப்பழத்தில் 75 சதவீதமும் நீர். பழச் சர்க்கரைகள் நீரைப் பிடித்து வைக்கும் தன்மை கொண்டவை. பத்து நிமிடம் ஈரமான விழுது முகத்தில் இருந்தால் மேலடுக்குச் செல்கள் நீரைக் குடித்து உப்பும். வறட்சியால் உண்டான நுண்ணிய கோடுகள் மறையும். ஒளி சீராகப் பிரதிபலிக்கும். சில மணி நேரத்தில் அந்த நீர் ஆவியாகிவிடும். கழுவித் துடைத்த உடனே, ஈரம் காய்வதற்கு முன், இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தடவினால் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும். வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் பயன்படுவதைப் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். மினரல் ஆயிலுக்கு அது குறைந்ததாக இல்லை. முகப்பரு உள்ளவர்கள் மட்டும் எண்ணெயை முகத்துக்குத் தவிர்ப்பது நல்லது.

விழுது முழுவதும் காய்ந்து இறுகும்வரை காத்திருக்க வேண்டாம். காயும்போது அது தோலின் நீரையும் இழுத்துக்கொள்ளும். ரப்பர் கையுறை, பலூன் இவை பட்டால் தடிக்கும் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வாழை, பப்பாளி, அவகாடோ, கிவி ஆகிய பழங்களும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரப்பர்ப் பாலிலும் இந்தப் பழங்களிலும் ஒன்றுபோன்ற புரதங்கள் இருப்பதே காரணம். மற்றவர்களும் முதல்முறை முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போவது பாதுகாப்பு.

பூசுவதால் கிடைப்பது இவ்வளவுதான். ஒரு மாலை நேரத்து மிருது, கூடவே பத்து நிமிட ஓய்வு. அதற்கு மேல் பழத்திடமிருந்து வேண்டும் என்றால் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும்.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். தாவரவியல் கணக்கில் அதுவும் பழமே. வெயிலில் கறுத்த முகத்தில் தக்காளியைத் தேய்ப்பார்கள். அதன் சிவப்பு நிறப்பொருளான லைகோபீனின் எடை 537 டால்டன். தேய்த்ததில் பெரும்பகுதி கழுவும்போது போய்விடும். ஜெர்மனியில் டுசெல்டோர்ஃப் நகர ஆய்வாளர்கள் வேறொன்று செய்தார்கள். ஒரு குழுவினருக்கு நாள்தோறும் 40 கிராம் தக்காளி விழுதை 10 கிராம் ஆலிவ் எண்ணெயோடு சாப்பிடக் கொடுத்தார்கள். பத்து வாரம் கழித்து அவர்கள் முதுகில் குறிப்பிட்ட அளவு புற ஊதா ஒளியைப் பாய்ச்சியபோது, எண்ணெய் மட்டும் சாப்பிட்டவர்களைவிடச் சிவத்தல் 40 சதவீதம் குறைந்திருந்தது. 2001-இல் வந்த ஆய்வு இது. குழு சிறியது. சன்ஸ்கிரீனுக்கு இது மாற்றும் அல்ல. ஆனாலும் வாய்வழி போன லைகோபீன் தோல்வரை வந்து வேலை செய்திருக்கிறது. வேகவைத்த தக்காளியும் எண்ணெயும் சேர்ந்தது என்றால் நம் தக்காளித் தொக்கு நினைவுக்கு வராமல் இருக்குமா! வேகாத தக்காளியில் லைகோபீன் செல்களுக்குள் சிறைப்பட்டிருக்கும். வதக்கும்போது செல் சுவர்கள் உடைந்து அது எண்ணெயில் கரைகிறது. குடல் அதை உறிஞ்ச அந்த எண்ணெய் தேவை.

மாம்பழம், பப்பாளி, ஆரஞ்சு இவற்றின் மஞ்சளும் செம்மஞ்சளும் இதே கரோட்டினாய்டு குடும்பம்தான். குடலிலிருந்து ரத்தத்துக்கு வந்து, தோலின் கொழுப்பிலும் மேலடுக்கிலும் இவை தங்குகின்றன. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 35 பேரின் உணவையும் தோல் நிறத்தையும் ஆறு வாரம் தொடர்ந்து அளந்தார்கள். முடிவுகள் 2012-இல் வந்தன. பழமும் காய்கறியும் கூடுதலாகச் சாப்பிட்டவர்களின் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒரு செம்மஞ்சள் ஒளி கூடியது. நாளுக்கு மூன்று பங்கு அளவு கூடினால் பார்ப்பவர்கள் அந்த முகத்தை மேலும் ஆரோக்கியமானது என்று தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தோலினர், ஆகவே அதே நிறமாற்றம் நம் முகத்திலும் அப்படியே தெரியும் என்று சொல்ல முடியாது. கரோட்டினாய்டு வந்து சேரும் வழி மட்டும் எல்லாத் தோலுக்கும் ஒன்றுதான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழம் சாப்பிட்ட யாருடைய தோலும் வெளுக்கவில்லை. நிறம் கூடித்தான் இருக்கிறது. வெளுப்புதான் அழகு என்று நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதை நாம் நிறுத்த வேண்டும். மெலனின் நம் வெயிலுக்கு உடம்பு செய்துகொண்ட பாதுகாப்பு.

கரோட்டினாய்டைப் பொறுத்தவரை பப்பாளிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கேரட்டில் பீட்டா கரோட்டின் பெரிய படிகங்களாக உறைந்திருக்கிறது. பப்பாளியில் அது கொழுப்பில் கரைந்த நுண்துளிகளாகவும் திரவப் படிகமாகவும் இருக்கிறது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பப்பாளி சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் சேர்ந்த பீட்டா கரோட்டின், கேரட்டோ தக்காளியோ சாப்பிட்டபோது சேர்ந்ததைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. கொல்லையில் தானாக முளைத்துப் பழுத்து, காக்கைக்கு விட்டுவிடும் பழத்துக்கு இந்தப் பெருமை. நறுக்கிய பப்பாளியின் மேல் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் தூவிக்கொண்டால் கொழுப்பும் சேர்ந்துவிடும், ருசியும் கூடும்.

தோலுக்கு உறுதி தரும் கொலாஜனை உடம்பு தானே செய்துகொள்கிறது. அந்த இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால், அவற்றிலுள்ள சில அமினோ அமிலங்களில் ஒரு சிறு வேதி மாற்றம் நடக்க வேண்டும். அதைச் செய்யும் நொதிகள் ஓயாமல் இயங்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாத மாலுமிகளுக்கு ஈறு அழுகிப் பழைய காயங்கள் திறந்துகொண்டன. ஜேம்ஸ் லிண்ட் 1747-இல் கப்பலில் 12 நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொன்று கொடுத்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் லெமனும் தின்ற இருவர்தான் முதலில் தேறினார்கள். பெரும்பாலான விலங்குகள் இந்த வைட்டமினைத் தாமே செய்துகொள்ளும். நமக்கு அதற்கான மரபணு பழுதாகிவிட்டது. நாள்தோறும் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அரைப்பழம் போதும். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டால் மிச்சம் சிறுநீரில் போய்விடும். பழனிக்குப் போகும் வழியில் ஆயக்குடியில் கூடை கூடையாக விற்கும் கொய்யா, எத்தனையோ வெளிநாட்டுப் பழங்களைவிட மலிவாகவும் நிறைவாகவும் இதைத் தந்துவிடுகிறது. உப்பு, மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிடுவதும் வெறும் பழக்கம் அல்ல. உப்பு கசப்பையும் துவர்ப்பையும் அடக்கிவிடுவதால் அதிகம் பழுக்காத கொய்யாவின் இனிப்பும் நாக்குக்கு எட்டுகிறது.

கொய்யாவைக் கடித்துத் தின்ன வேண்டும். சாறாக்கி வடிகட்ட வேண்டாம். 1977-இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில் ஒரே அளவு மாவுச்சத்துள்ள ஆப்பிளை முழுப்பழமாகவும், கூழாகவும், வடிகட்டிய சாறாகவும் பத்துப் பேருக்குக் கொடுத்தார்கள். சாறு வெகு சீக்கிரம் உள்ளே போனது, பசி குறைந்தபாடில்லை, இன்சுலின் அதிகம் ஏறி, பின்னர் ரத்தச் சர்க்கரை தொடக்க நிலைக்கும் கீழே இறங்கியது. முழுப்பழத்தில் அப்படி நடக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் சர்க்கரையைக் கரண்டியால் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது.

இனிப்பு கேட்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்றால், எனக்கு மிகவும் பிடித்தது உறைந்த வாழைப்பழம். தோலில் கரும்புள்ளி விழுந்த மோரிஸ் பழம் இதற்கு ஏற்றது. காயில் எடையில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த மாவு, பழுத்தபின் ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையாகியிருக்கும். தோலுரித்து வில்லைகளாக நறுக்கித் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் மிக்ஸியில் போட்டு விட்டுவிட்டு அடித்தால் முதலில் மண் மாதிரி உதிரும். நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மீண்டும் அடித்தால் சட்டென்று குழைந்து ஐஸ்கிரீம் ஆகிவிடும். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பழச் சர்க்கரை நீரின் உறைநிலையைத் தாழ்த்துவதால் ஃப்ரீசரிலும் எல்லா நீரும் பனிக்கட்டியாவதில்லை. பழத்திலுள்ள பெக்டினும் நாரும் பனிப் பரல்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல் பிரித்து வைக்கின்றன. மிக்ஸி கொஞ்சம் காற்றையும் உள்ளே புகுத்துகிறது. நாக்கு இதை வழவழப்பு என்று உணர்கிறது. உடனே சாப்பிட்டுவிட வேண்டும். மறுபடி உறையவைத்தால் பரல்கள் பெரிதாகி நறநறவென்று ஆகிவிடும்.

இன்னொன்று கடல்பாசி. நோன்பு திறக்கும் நேரத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் இளநீரும் பழத்துண்டுகளும் போட்டுச் செய்யும் அந்தக் குளிர்ந்த இனிப்பு. மன்னார் வளைகுடாக் கரையில், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்துவருகிறார்கள். அதிலிருந்து அகர் எடுக்கும் ஆலைகள் மதுரைப் பக்கம் இருக்கின்றன. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் ஒரு புரதம். அன்னாசி, பப்பாளியின் நொதிகள் அதை வெட்டிவிடுவதால் பச்சை அன்னாசி போட்ட ஜெல்லி இறுகாது. அகர் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. புரதம் வெட்டும் நொதி அதை ஒன்றும் செய்யாது. 85 டிகிரிக்கு மேல் சூடானால் உருகும், 40 டிகிரிக்குக் கீழே வந்ததும் இறுகும். நம் வெயில் காலத்திலும் மேசையின் மேல் உருகாமல் நிற்பது அதனால்தான். புளிப்புச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் மட்டும் சங்கிலிகள் உடைந்து தளர்ந்துபோகும். எலுமிச்சையோ அன்னாசியோ சேர்ப்பதாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேருங்கள்.

அகரின் இந்தக் குணத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் சமையலறையில் அதை அறிந்திருந்த ஒரு பெண். 1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸே, பாக்டீரியாவை வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தித் திணறிக்கொண்டிருந்தார். வெயிலில் அது உருகியது, சில பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிட்டன. உங்கள் பழ ஜெல்லி மட்டும் கோடையில் எப்படி நிற்கிறது என்று மனைவி ஃபேனியைக் கேட்டார். ஜாவாவில் வாழ்ந்த டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து தெரிந்துகொண்ட அகரைப் பற்றி அவர் சொன்னார். இன்றுவரை உலகத்து நுண்ணுயிரியல் கூடங்களில் அகர்தான். அவர் பெயரை ஆய்வுக்கட்டுரையில் யாரும் போடவில்லை.

அன்னாசியையும் பாலையும் சேர்த்து அடித்தால் சிறிது நேரத்தில் கசக்கும். நொதி பால் புரதத்தை வெட்டும்போது பிறக்கும் துண்டுகளின் கசப்பு அது. அன்னாசித் துண்டுகளை ஐந்து நிமிடம் வேகவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும்.

கடைசியாகப் பழனிப் பஞ்சாமிர்தம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. விருப்பாட்சி மலைவாழை, சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குளிர்பெட்டி இல்லாமல் அது நாள்கணக்கில் கெடாமல் இருக்கும். மலைவாழையில் மற்ற வாழைகளைவிட ஈரம் குறைவு. இருக்கும் ஈரத்தையும் சர்க்கரையும் தேனும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. கிருமி பெருகுவதற்குக் கட்டற்ற நீர் வேண்டும். இங்கே அது கிடைப்பதில்லை. வீட்டில் செய்யும்போது கரண்டியிலும் கிண்ணத்திலும் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். சர்க்கரை மிகுதி என்பதால் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

முகத்துக்கு அரைத்த பழ விழுதை டப்பாவில் போட்டு வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அதில் கட்டற்ற நீர் நிறைய, சர்க்கரை கொஞ்சம், கெடாமல் காக்க எதுவும் இல்லை; ஈஸ்டும் பூஞ்சையும் பாக்டீரியாவும் குளிர்பெட்டியிலும் மெல்லப் பெருகும். பரு உள்ள முகத்தில் அதைப் பூசினால் தொற்றை வரவழைத்துக்கொள்வதாகும். எனவே அன்றன்றைக்கு அரையுங்கள். பழுத்த பப்பாளியை மசிக்கும்போது வேறெதுவும் கலக்காமல் இரண்டு கரண்டி மட்டும் முகத்துக்கு எடுத்துவைத்துக்கொண்டு, மீதிக்குத் தேங்காய்த் துருவல் போட்டு, முகத்தைக் கழுவும் நேரம் வரும்வரை சாப்பிட்டுக்கொண்டிருங்கள்.